வயிற்று நோய்க்குக் கை மருந்து: எதுவரை கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும்?



பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் வீடானாலும் சரி, ஆற்றுப் பாசனத்தில் நெல் நடும் வீடானாலும் சரி, அடுக்களையில் சுக்கு, ஓமம், சீரகம், பெருங்காயம், வசம்பு இவையெல்லாம் ஏதாவது ஒரு டப்பாவில் இருக்கும். வயிறு பொருமினாலும் பேதியானாலும் கை முதலில் போவது அந்த டப்பாவுக்குத்தான். பொதிகை மலை அடிவாரத்தில் இருக்கிறோம். மூலிகை நமக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964ஆம் ஆண்டிலிருந்தே நடந்துவருகிறது.

நாங்கள் கூட்டம் போடும் ஊர்களில் எல்லாம் கேட்கிற கேள்வி இது: "கை மருந்து குடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. சில கை மருந்துகள் சோதனையில் நன்றாகத் தேறியிருக்கின்றன. சில பாதிதான் தேறியிருக்கின்றன. சில பெரியவர்களுக்குச் சரி, பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம். பெரும்பாலும் உயிருக்குக் கேடு வருவது மருந்தினால் இல்லை. "மருந்துதான் குடுத்தாச்சே, பார்ப்போம்" என்று காத்திருக்கிறோமே, அந்த நேரத்தில்தான் வருகிறது.

ஒரு வீட்டில் நடந்தது

பாய் நெய்யும் ஒரு வீடு. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு விடிகாலையிலிருந்து பேதி. தகப்பனார் வெளியூரில் வேலை. பாட்டி மாதுளை ஓட்டைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். கூடவே தண்ணீரை நிறுத்திவிட்டார். மத்தியானம் பேதி குறைந்தது. "கேட்டுருச்சு" என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

தடுப்பூசி விஷயமாக அந்தப் பக்கம் வந்த கிராம சுகாதார செவிலியர் குழந்தையைப் பார்த்தார். கண் குழி விழுந்திருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. காலையிலிருந்து மூத்திரமும் இல்லை.

"ஏன் பாட்டி தண்ணி குடுக்கல?" என்று கேட்டார்.

"உள்ள போனா வெளிய வரத்தானே செய்யும் நர்ஸம்மா? அதான் குடுக்கல."

பேதி குறைந்ததற்குக் காரணம் மருந்து மட்டுமா? இல்லை. வெளியே போவதற்கு உடம்பில் தண்ணீர் மிச்சமில்லை. உடனே ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை பிழைத்தது. இன்னும் நாலு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேதியில் உயிரைக் கொல்வது எது?

குழந்தையின் வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் உயிரைக் கொல்வது கிருமியின் விஷம் இல்லை. தண்ணீரும் உப்பும் உடம்பை விட்டுப் போய்விடுவதுதான். அதனால் எந்த மூலிகை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், போன தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதே முதல் வைத்தியம்.

1971ஆம் ஆண்டு வங்க தேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பாங்காவ் முகாமில் காலரா பரவியது. ஊசி மூலம் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அங்கிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து பொட்டலம் கட்டச் செய்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே வாய் வழியாகக் கொடுக்க வைத்தார். அதற்குமுன் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த அந்த முகாமில் சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அதுதான் இன்று நாம் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ்.

இது எப்படி வேலை செய்கிறது? பேதி போகும்போதும் குடல், சர்க்கரையை உறிஞ்சும் சக்தியை இழப்பதில்லை. சர்க்கரை உள்ளே போகும்போது உப்பின் கையையும் பிடித்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் இருந்தால்தான் இது நடக்கும். வெறும் தண்ணீரால் இந்த வேலை முழுதாக நடக்காது. கடையில் விற்கும் குளிர்பானத்தில் சர்க்கரை அதிகம், அது பேதியைக் கூட்டும்.

நம் பாட்டிமார் கொடுத்த உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அரிசி மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக மாறுகிறது. அரிசியைக் கொண்டு தயாரித்த கரைசலைக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பேதியின் அளவே குறைந்தது தெரிந்தது. கஞ்சி கொடுத்த பாட்டி சரி. தண்ணீரை நிறுத்திய பாட்டிதான் தவறு.

செய்யும் முறை:

1. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுதாக 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்கவும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கக் கூடாது.
2. பொட்டலம் கிடைக்கும்வரை 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து கரைக்கவும். ருசி பார்த்தால் கண்ணீரை விட அதிகமாகக் கரிக்கக் கூடாது.
3. ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மி.லி., அதற்கு மேலே 100 முதல் 200 மி.லி. கொடுக்கவும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கவும்.
4. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்கவும். மிச்சத்தைக் கொட்டிவிடவும்.
5. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது.
6. செவிலியர் கொடுக்கும் ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்கவும்.

மாதுளை ஓடு, கோரைக்கிழங்கு

மாதுளை ஓட்டில் துவர்ப்புச் சத்து உண்டு. அது குடலின் உள்தோலைக் கொஞ்சம் இறுக்குகிறது. பெரியவர்களுக்கு லேசான பேதியில் கொடுப்பது பழைய வழக்கம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கோரை என்றால் பாய்தான். ஆனால் பாய்க்கு அறுக்கும் கோரை வேறு, மருந்துக்குத் தோண்டும் கோரைக்கிழங்கு வேறு. இரண்டும் ஒரே இனம், பங்காளிகள். கோரைக்கிழங்கை முத்தக்காசு என்றும் சொல்வார்கள். இதன் சாரத்தைப் பேதியான எலிகளுக்குக் கொடுத்தபோது பேதி குறைந்தது. எலிக்குக் குறைந்தது என்பதால் மனுஷனுக்கும் குறையும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே பெரியவர்கள் குடித்தால் ஆட்சேபணை இல்லை. ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகக் குடிக்கக் கூடாது.

சுக்கும் ஓமமும்

சுக்கு நன்றாகத் தேறிய மருந்து. மசக்கையில் குமட்டும் பெண்களுக்கு ஒரு பகுதியினருக்கு இஞ்சியும், இன்னொரு பகுதியினருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் கொடுத்துப் பல நாடுகளில் ஒப்பிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 1 கிராம் அளவு இஞ்சித் தூள் குமட்டலைக் குறைத்தது. வாந்தியின் எண்ணிக்கை அவ்வளவு தெளிவாகக் குறையவில்லை. ஆகவே கர்ப்பிணி கொஞ்சம் சுக்குத் தண்ணீர் குடிப்பதில் பயமில்லை. குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி வந்தால் அது மசக்கை என்று விடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுக்கை மருந்தாக அதிகம் சாப்பிடும்முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஓமத்தின் வாசனைக்குக் காரணம் தைமால் என்ற சத்து. சோதனைக் கூடத்தில் அது பல கிருமிகளைக் கொல்கிறது. மனிதர்களிடம் பெரிய சோதனைகள் நடக்கவில்லை. பெரியவர்களுக்கு வாயு, பொருமல் இருந்தால் ஓமத் தண்ணீர் ஒரு வேளை, இரண்டு வேளை குடித்துப் பார்க்கலாம். சீரகத் தண்ணீரும் அப்படித்தான். இரண்டு நாளில் கேட்காவிட்டால் அது வெறும் வாயு இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நடு வயதைத் தாண்டியவர்களுக்கு நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டினால் "கேஸ்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம்.

உலகம் அறிந்த நம் திருநெல்வேலி இலை

மலச்சிக்கலுக்கு நம் பக்கம் கொடுக்கும் நிலாவாரையை விவசாயிகள் அவுரி என்றே சொல்வார்கள். அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த செடி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறிப் போகிறது. வெளிநாட்டு மருந்து நூல்களில் அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலி நிலாவாரை.

இதில் வேலை செய்யும் சத்தான சென்னோசைடுகளை 1941ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். இரைப்பையில் அது செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போன பிறகு அங்கே இருக்கும் கிருமிகள் அதை உடைக்கின்றன. அப்போதுதான் குடல் அசைந்து மலம் இறங்குகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி குடித்தால் காலையில் கேட்கும் என்று பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது.

தேறிய மருந்து என்பதாலேயே எச்சரிக்கையும் வேண்டும். வேலை செய்யும் மருந்துக்குத்தான் அளவும் உண்டு.

1. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து குடிக்கக் கூடாது. உடம்பின் உப்புச் சத்துக் குறையும்.
2. கடுமையான வயிற்று வலி இருக்கும்போது நிலாவாரையோ விளக்கெண்ணெயோ எந்தப் பேதி மருந்தும் கொடுக்கக் கூடாது. குடல்வால் அழற்சியாக இருந்தால் உள்ளே வெடித்துவிடும்.
3. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. விளக்கெண்ணெய் குடலோடு கர்ப்பப்பையையும் சுருங்கச் செய்யும். கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது.
4. சாயம் எடுக்கும் நீலச் செடிக்கும் அவுரி என்ற பெயர் உண்டு. பெயரை மட்டும் நம்பிப் பறித்து அரைக்க வேண்டாம்.

தினமும் கீரை, பழம், போதுமான தண்ணீர் சாப்பிடுகிற வீட்டில் இந்த இலைக்கே அவ்வளவாக வேலை இருக்காது.

கீழாநெல்லி சொல்லும் பாடம்

மஞ்சள் காமாலை என்றால் நம் ஊரில் கீழாநெல்லிதான். இதை மோரில் அரைத்துக் கொடுக்காத ஊர் இல்லை. 1988ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைச் சோதித்து, லண்டனில் வெளியாகும் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் 'பி' கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்தார்கள். அது குடித்த 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் தூள் குடித்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் மற்ற நாடுகளில் செய்து பார்த்தார்கள். அதே பலன் வரவில்லை. பின்னால் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து ஆராய்ந்தவர்களும், கீழாநெல்லியை நம்பலாம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். விஞ்ஞானத்தில் ஒரு தடவை ஜெயித்தால் போதாது. வேறு கையில், வேறு ஊரிலும் ஜெயிக்க வேண்டும்.

"எங்க அண்ணனுக்குக் கேட்டுதே!" என்பீர்கள். கேட்டது உண்மைதான். நம் கிராமங்களில் வரும் காமாலையில் பெரும்பகுதி, அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் ஹெபடைடிஸ் 'ஏ'யும் 'இ'யும்தான். பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானாகவே இறங்கும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும்.

ஆனால் கணவன்மார் ஒன்றை மறக்கக் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இந்த 'இ' வகைக் காமாலை வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். மனைவிக்குக் கண்ணில் மஞ்சள் தெரிந்தால், கீழாநெல்லி தேடி வரப்புக்குப் போக வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'பி' வகையைத் தடுக்கப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு இலவசத் தடுப்பூசி போடப்படுகிறது. அதைத் தவற விடாதீர்கள்.

வயிற்றுப்புண்

வெறும் வயிற்றில் எரிச்சல், வலி என்று வருகிறவர்கள் மணத்தக்காளிக் கீரையும் அதிமதுரமும் சாப்பிடுகிறார்கள். கீரை நல்ல சாப்பாடு. அதிமதுரத்திலிருந்து எடுத்த ஒரு சத்தைக் கொண்டு 1960களில் இங்கிலாந்தில் வயிற்றுப்புண் மாத்திரையே செய்தார்கள். புண் ஆறியது. கூடவே சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறியது, உடம்பு வீங்கியது. அதனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது.

வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு டாக்டர்கள் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான புண்ணுக்கு அதுவே காரணம் என்று பிறகு நிரூபணம் ஆனது. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்கு 2 வாரம் முறையாக மாத்திரை சாப்பிட்டால் புண் ஆறும். கீரை மட்டும் அந்த வேலையைச் செய்யாது. உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளும் புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம். நாள் முழுவதும் குனிந்து பாய் நெய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பச்சைப் பிள்ளைக்கு எதுவும் வேண்டாம்

தாய்மார்களே, இந்த வெளியீட்டில் ஒரு பகுதியைத்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பிறந்த குழந்தைக்கு 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம்.

வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்கிறோம். சுட்டு உரைத்து நாக்கில் தடவுகிறோம். இந்திய வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது. அமெரிக்காவில் 1968லேயே உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டார்கள். பெருங்காயத்தைத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவதில் தீங்கில்லை. உள்ளுக்குக் கொடுத்தால் சின்னக் குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கக்கூடும். வெளிநாட்டில் ஒரு கைக்குழந்தைக்கு அப்படி நடந்து, 1984இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். உரைக்கும் கல்லிலும் விரலிலும் இருக்கும் கிருமி வேறு.

தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது, சூடு போடுவது இவை மருந்தே அல்ல. குழந்தையை நோகச் செய்யும், நேரத்தைத் தின்னும். பிள்ளைக்குப் பேதி வராமல் தடுக்க ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டிலிருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. 6, 10, 14ஆம் வாரங்களில் தவறாமல் போடுங்கள்.

எந்த மருந்தையும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

1. கண் குழி விழுதல், கண்ணீர் வராமை, தோல் மடிப்பு மெதுவாக இறங்குதல்.
2. குழந்தை துவண்டு கிடத்தல், குடிக்க மறுத்தல், 6 மணி நேரமாக மூத்திரம் போகாமை.
3. மலத்தில் ரத்தம், அல்லது கறுப்பாகத் தார் போல மலம்.
4. நிற்காத வாந்தி, ரத்த வாந்தி.
5. வலது அடிவயிற்றில் விடாத வலி, வயிறு கல் போல இறுகுதல்.
6. கண்ணில் மஞ்சள், முக்கியமாகக் கர்ப்பிணிக்கு.
7. காரணமில்லாமல் உடம்பு மெலிதல்.

வண்டி இல்லை என்றால் 108க்குப் போன் செய்யுங்கள். வழியில் ஓ.ஆர்.எஸ். கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆஸ்பத்திரியில் என்னென்ன கை மருந்து கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாராவது திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும். மூலிகை வைத்தியமே வேண்டும் என்கிறவர்கள், பல அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது, படித்த சித்த மருத்துவரிடம் கேட்டு அளவோடு சாப்பிடலாம்.

இருவருக்கும் ஒரு வார்த்தை

ஆற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, காய்ச்சிக் குடியுங்கள். மலம் கழித்த பிறகும், சமைக்கும் முன்பும், பிள்ளைக்கு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கக்கூஸைப் பயன்படுத்துங்கள். இவ்வளவு செய்தாலே வயிற்று நோயில் பாதி வீட்டு வாசலைத் தாண்டாது.

பாட்டிமாரை எதிர்த்துப் பேச வேண்டாம். "நீங்க சொல்ற கஞ்சியைக் குடுக்கேன், கூட இந்த ஓ.ஆர்.எஸ்.ஸையும் குடுக்கேன்" என்று சொல்லுங்கள். பெண்டாட்டி ஒருத்தியே இதைச் சொல்ல முடியாத வீடுகள் உண்டு. அங்கே புருஷன்தான் சொல்ல வேண்டும். வெளியூரில் இருந்தால் போனிலாவது சொல்ல வேண்டும்.

இன்றைக்கே செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டு 2 ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வாருங்கள். சுக்கும் ஓமமும் இருக்கிற அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பேதி என்றதும் கை அங்கேதான் போகும். போகிற இடத்தில் இதுவும் இருக்கட்டும்.